இரு சுடர்களை ஒரே கணக்கில் பிணைத்த அஸ்பியா பேகம் அவர்களுக்கு

பணி நிறைவு நாளில் உடன் பணியாற்றியோர் உவந்து அளிக்கும் பாராட்டு மடல்

காலை ஆறு ஐம்பதுக்கு ஆலைப் பேருந்திலிருந்து இறங்கி, தேநீரைத் தொடாமலும் தோள்பையைக் கழற்றாமலும் நேரே உலைக்கூடத்துக்குள் நடந்து, வெற்றிடக் கலத்தின் மேல்தளச் சாளரத்தில் ஒருமுறை கண்பதித்து, பதினொரு தப்படி சுற்றிச் சென்று கீழ்த்தளச் சாளரத்தில் ஒருமுறை கண்பதித்து, வந்த வழியே திரும்பி மேல்தளச் சாளரத்தில் மீண்டும் ஒருமுறை கண்பதித்த பின்னரே அன்றைய வேலையைத் தொடங்கும் அயராப் பழக்கத்தை, அக்கூடத்தில் பணிபுரிந்த நாளெல்லாம் அணுவளவும் வழுவாது காத்துவந்த எங்கள் அன்புக்குரிய அஸ்பியா பேகம் அம்மையீர்!

பார்த்த சாளரத்தையே மறுபடியும் ஏன் பார்க்கிறீர்கள் என்று வினவிய புதியவர்களிடமெல்லாம், "நான் அங்க போயிட்டு வர்றதுக்குள்ள அது இத என்னா பண்ணிச்சுன்னு பாக்க வேணாமா?" என்று புன்னகையோடு கேட்டுவிட்டுப் பதிலுக்கும் காத்திராது நடந்த பெருந்தகையே! எண்களை ஏவல் கேட்க வைத்தவரே! ஏளனத்தை எள்ளளவும் பொருட்படுத்தாதவரே! கண்ணுக்குத் தெரிந்த ஒளியில் கண்ணுக்குத் தெரியாத உறவைக் கண்டறிந்தவரே! மும்முறை பார்க்கும் தங்களுக்கு எங்கள் வணக்கமும் மும்முறை!

தங்கள் வரலாற்றைத் தங்களிடமே எடுத்துரைப்பதில் பொருளேதும் இல்லை. அதைத் தங்களினும் நன்கு அறிந்தவர் இம்மண்டபத்தில் எவரும் இல்லை. ஆகவே இம்மடலைக் கூடியிருக்கும் அவையோரை நோக்கி, தங்களைப் படர்க்கையில் வைத்தே சொல்லிச் செல்கிறோம். தாங்கள் முன்வரிசையில் அமர்ந்து கேட்டருள்க. எண்ணில் எங்கேனும் பிழை தென்பட்டால், வழக்கம்போல் கைதூக்கித் தடுத்தருள்க!

அவையீர்! கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி நடத்திய குடும்பத்தில் பிறந்து, கணிதத்தில் முதுகலை முடித்து, தம் இருபத்தெட்டாம் அகவையில் அம்மையார் இவ்வாலைக்குள் அடியெடுத்து வைத்தபோது, அவருக்குக் கிடைத்தது குறிப்பெழுதும் உதவியாளர் வேலை. எத்தனை மணிக்கு எத்தனை வோல்ட், எத்தனை வெப்பம் என்று உலைக்கூடத்தார் கூவக் கூவக் கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. நம் உலைக்குள் நடப்பதை அறியாத உறவினரும் இங்கே வீற்றிருப்பதால் அதைச் சுருங்கச் சொல்லிவிடுகிறோம். பற்சக்கரங்களைப் பெரியதோர் இரும்புக் கலத்துக்குள் அடுக்கி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றி, சிறிதளவு நைட்ரஜனும் ஹைட்ரஜனும் விட்டு, உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்தால், அந்த வாயு வெறும் வாயுவாகவும் இராமல், அடுப்புத் தீயாகவும் ஆகாமல், ஊதா நிறத்தில் ஒளிர்ந்து ஒவ்வொரு பல்லையும் போர்வைபோல் போர்த்திக்கொள்ளும். அந்நிலைக்குத்தான் பிளாஸ்மா என்று பெயர். இருபது மணி நேரம் அப்போர்வைக்குள் கிடந்த சக்கரத்தின் மேற்பரப்பு, ஆண்டுக்கணக்கில் ஓடினாலும் தேயாத உறுதி பெறும். போர்வை நிலைகொள்ளாது ஆடினாலோ, மின்பொறி வெடித்துச் சக்கரத்தின் முகத்தில் அம்மைத் தழும்புபோல் குழிகள் விழும். குழி விழுந்த சக்கரம் பழைய இரும்புக்குத்தான் போகும்.

நம் கலத்துக்குள் தளங்கள் இரண்டு. ஆகவே சுடர்களும் இரண்டு. மேல்தளச் சுடரைச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த மாடசாமி காத்தார். கீழ்த்தளச் சுடரைக் கெலவரப்பள்ளி அணைப்பக்கத்துக் கங்கப்பன் காத்தார். கலத்தின் இந்தப்புறம் ஒருவர், அந்தப்புறம் ஒருவர். ஆளுக்கொரு மின்பலகை, ஆளுக்கொரு குமிழ், ஆளுக்கொரு பதிவேடு. ஆயுத பூசையன்று ஆளுக்கொரு பூசணிக்காய்! தம் பலகைக்குச் சந்தனம் வைத்த கையால் மற்றவர் பலகையைத் தொடக்கூடாது என்பது எங்கும் எழுதப்படாத, எவரும் மீறாத சட்டம். தம் சுடர் மங்கினால் தம் குமிழைக் கூட்டுவார். தம் சுடர் பொங்கினால் தம் குமிழைக் குறைப்பார். கலத்தை விற்றவர்கள் தந்த கையேடும் அவ்வாறே விதித்தது. ஆயினும் மாதம் இருமுறையேனும் இரு சுடர்களும் மாறி மாறிப் பொங்கி, மாறி மாறி மங்கி, ஆட்டம் பெருகிப் பெருகி வெடிப்பில்தான் முடியும். வெடித்த மறுகணம் கலத்தைச் சுற்றி வேறொரு வெடிப்பு நிகழும்.

"ஏ கங்கப்பா, எம் மேல்தளம் கோயில் வெளக்கு மாதிரி அசையாம நின்னுச்சு. நீ கீழ என்னத்தயோ திருக்குன, ஆடிட்டு!" என்பார் மாடசாமி.

"நீ சும்மா இருந்தா நானு சும்மா இருப்பேன் சாமி. உன் வெளக்கு நின்னுச்சுன்னா என் வெளக்கு ஏன் படுத்துக்கிச்சு? மொதல்ல அதச் சொல்லு!" என்பார் கங்கப்பன்.

இருவர் சொல்வதும் உண்மையே என்பதை முதன்முதலில் உணர்ந்தவர், இருவருக்கும் நடுவே கட்டத்தாளோடு நின்றுகொண்டிருந்த அம்மையார்தாம்.

இவ்விடத்தில் ஒரு சிறுகதை சொல்ல அவையோர் இசைவு தருக. ஒரு மாமரத்தின் மெல்லிய கிளையில் இரண்டு அணில்கள் அமர்ந்திருந்தன. நடுவில் ஒன்று, நுனியில் ஒன்று. நடு அணில் சற்றே நகர்ந்தது, கிளை தாழ்ந்தது. விழப்போகிறோம் என்று அஞ்சிய நுனி அணில் துள்ளி உட்கார்ந்தது; கிளை எழும்பியது. நம்மைத் தூக்கி எறியப் பார்க்கிறான் என்று சினந்த நடு அணில் மறுபுறம் துள்ளியது. ஒவ்வொன்றும் தன்னை நிலைநிறுத்திக்கொள்ளவே துள்ளியது. ஒவ்வொரு துள்ளலும் மற்றதை நிலைகுலைத்தது. முடிவில் இரண்டும் தரையில் கிடந்தன. கிடந்தபடியே ஒன்றையொன்று ஏசின. அடுத்த கிளையில் இருந்த மைனா, "நீங்கள் உங்களை இரண்டு அணில்கள் என்று எண்ணிக்கொண்டீர்கள். கிளைக்கு நீங்கள் இருவரும் ஒரே சுமைதான்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் பறந்தது.

மைனா பறந்துவிட்டது, அம்மையார் பறக்கவில்லை. கிளையையும் அணில்களையும் கணக்கில் எழுத உட்கார்ந்தார். மேல்தளச் சுடரில் மின்னூட்டமுள்ள துகள்கள் எவ்வளவு வேகமாகப் பெருகும், எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதற்கு ஒரு சமன்பாடு. கீழ்த்தளச் சுடருக்கு அவ்வாறே மற்றொன்று. அவ்வளவோடு நின்றிருந்தால் கையேட்டை விட்டு ஓரடியும் நகர்ந்திருக்க மாட்டார். இரு சுடர்களும் ஒரே வாயுவை உண்டு வாழ்பவை அல்லவா? ஆகவே மேல்தளத்தின் சமன்பாட்டுக்குள் கீழ்த்தளத்தைக் குறிக்கும் ஓர் உறுப்பையும், கீழ்த்தளத்தின் சமன்பாட்டுக்குள் மேல்தளத்தைக் குறிக்கும் ஓர் உறுப்பையும் இட்டு, இரண்டையும் பிரிக்க முடியாதபடி பிணைத்தார். பிணைந்த பிளாஸ்மாக்களின் இயக்கத்தைக் கணித வடிவில் வார்ப்பது என்று அறிஞர் பெருமக்கள் கூறும் அரிய துறை இதுவே. அதை அவர் குளிரூட்டிய ஆய்வகத்தில் அமர்ந்து செய்யவில்லை. ஞாயிறுதோறும் ஊர் சென்று திரும்பும் கிருஷ்ணகிரிப் பேருந்தில், குருபரப்பள்ளியில் ஏறுவோரின் கூடைகளுக்கு இடம்விட்டு ஒடுங்கி அமர்ந்து, மடிமேல் ஏடு வைத்துச் செய்தார். உணவு இடைவேளைகளில், எவரும் தொடாத அலுவலகக் கணினியில் அவ்வேட்டின் எண்களை ஒவ்வொன்றாய் ஊட்டிச் செய்தார். ஒரு சுடரில் நேரும் மாற்றம் மற்றதை எட்ட ஒன்பது நொடி ஆகிறது என்பதைக் கைக்கடிகாரத்தோடு சாளரத்துக்குச் சாளரம் நடந்தே கண்டார். அந்த ஒன்பது நொடியைச் சமன்பாட்டில் இட்ட அன்று, கணினித் திரையில் இரு கோடுகள் ஆடத் தொடங்கின. உலையில் சுடர்கள் எப்படி ஆடுமோ அப்படியே ஆடின!

அக்கணக்கு தந்த விடை அதனினும் வியப்புக்குரியது. ஆட்டம் தொடங்கினால், ஆடும் சுடரின் குமிழைத் தொடாதே. மற்றதன் குமிழை ஒரே ஒரு கோடு குறை. பின்பு நாற்பது நொடி எதையும் தொடாமல் நில். அந்நாற்பது நொடிக்குள் குறைத்த சுடர் அணையப்போவதுபோல் மங்கும், அஞ்சாதே. அது தானே மீண்டுவரும், இரண்டும் அடங்கும்.

"வெளக்கு அணையறப்ப கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமாம். நல்லா இருக்குது கணக்கு!" என்று உணவுக்கூடத்தில் நகைத்தவர்களில் இம்மடலில் ஒப்பமிட்டிருக்கும் எங்களில் பலரும் உண்டு. அதை மறைத்துப் பாராட்ட எங்களுக்கு மனம் வரவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாத மாலையில், தம் கணக்கின்படி உலையை ஓட்டிப் பார்க்க அம்மையாருக்கு முதன்முறையாக அனுமதி கிடைத்தது. கலத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பற்சக்கரங்கள் இருந்தன. பழக்கத்தில் கை நீண்டுவிடும் என்று மாடசாமியையும் கங்கப்பனையும் கூடத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். மேல்தளச் சாளரத்தில் கடிகாரத்தோடு அம்மையார் நின்றார். கலத்தின் மறுபுறம், அவர் கண்ணுக்கு எட்டாத கீழ்த்தளப் பலகையருகே, அன்றைய ஷிப்ட் பொறுப்பாளர் பாஸ்கரன் நின்றார். நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல்தளச் சுடர் ஆடத் தொடங்கியது. அம்மையார் குரல் கொடுத்ததும் பாஸ்கரன் கீழ்த்தளக் குமிழை ஒரு கோடு குறைத்துக் கையை எடுத்தார். பத்து நொடி. பதினைந்து. இருபது. கீழ்ச்சுடர் சுருங்கியது, சொன்னவாறே சுருங்கியது. ஆயினும் மங்கும் என்று தாளில் படிப்பது வேறு, மங்கிக்கொண்டிருக்கும் சுடரின் முன் தன்னந்தனியே நிற்பது வேறு. இருபத்துநாலாம் நொடியில் பாஸ்கரனின் கை நீண்டு குமிழைக் கூட்டியது. ஒன்பது நொடி கழித்து மேல்தளத்தில் வெண்ணீலப் பொறி வெடித்தது. இருநூற்றுப் பன்னிரண்டும் பாழாயின.

விசாரணை நடந்தது. "யாராவது குமிழத் தொட்டீங்களா?" என்று கேட்டார்கள். "இல்ல சார், யாரும் தொடல" என்றார் பாஸ்கரன்.

அம்மையார் நான்கு பக்கங்கள் எழுதி அளித்தார். பதிவுக்கருவியின் முள் வரைந்த கோட்டையும் தம் சமன்பாடுகள் வரைந்த கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்து, இருபத்துநாலாம் நொடிவரை இரண்டும் இம்மியும் பிசகாமல் பொருந்துவதைக் காட்டினார். அந்நொடியில் கீழ்த்தள மின்னழுத்தத்தை எவரேனும் கூட்டியிருந்தாலன்றி, அதற்குப் பின் வந்த கோடு பிறக்கவே வழியில்லை என்பதையும் காட்டினார்.

"வோல்டேஜ் தானாகூட ஏறியிருக்கலாமேம்மா?" என்றார் விசாரித்த அதிகாரி.

"தானா ஏறினா சாய்வா ஏறும் சார். இது படிக்கட்டு மாதிரி ஏறியிருக்குது. கை வெச்சாத்தான் படிக்கட்டு வரும்."

கணக்குப் போட்டவர் தம் கணக்கைக் காத்துக்கொள்ளவே பேசுகிறார் என்று அந்நான்கு பக்கங்களும் ஒதுக்கப்பட்டன. 'கணக்குப் பிழையால் நேர்ந்த இழப்பு' என்று ஒற்றைத் தாளில் அறிக்கை எழுதி அம்மையாரின் கோப்பில் சேர்த்தார்கள்; உலைக்கூடத்துக்குள் இனி அவர் நுழையலாகாது என்றும் விதித்தார்கள். ஏற்றுக்கொள்வதாகக் கையொப்பமிடச் சொன்னபோது, அவர் பேனாவை வாங்கி, 'பார்த்தேன்' என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதி அதன்கீழ்க் கையொப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்தத் தாள் தம் கோப்பில் இருக்கும்வரை தம் கணக்குப் பொய் என்றே ஆகும். ஆகவே அந்தத் தாள் வெளியேறும்வரை தாம் ஓய்வதில்லை. அன்று அவர் நெஞ்சில் ஊன்றிய உறுதி இதுவே. பன்னிரண்டு ஆண்டும் அது வேர்விட்டதேயன்றி வாடவில்லை!

அவரைச் சோதனையறையில், உருப்பெருக்கியின் முன் உட்கார வைத்தார்கள். தண்டனையாய்த் தந்த இருக்கையைத் தவப்பீடமாய் மாற்றிக்கொண்டார் அம்மையார். உலையிலிருந்து வரும் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் தளத்துக்கு ஒரு துண்டு அறுக்கப்பட்டு அவர் முன் வரும். கடினமான மேற்படலம் எவ்வளவு ஆழம் ஊறியிருக்கிறது என்று அவர் அளக்க வேண்டும். மேல்தளத்தில் படலம் தடித்த நாளெல்லாம் கீழ்த்தளத்தில் அது மெலிந்திருப்பதை அவர் கண்டார். சுடரைப் பார்க்கக்கூடாது என்று தடுத்தவர்கள், சுடரின் தடம் பதிந்த இரும்பை நாள்தோறும் அவர் கையிலேயே கொடுத்துக்கொண்டிருந்தார்கள்! ஐந்து ஆண்டுகளில் ஆயிரத்து நூற்று நாற்பது அடுக்குகளின் அளவுகளை, மண்டி நாட்காட்டியின் கிழித்த தாள்களின் பின்புறத்தில் எழுதிச் சேர்த்தார்.

நாட்காட்டி கொடுத்த தம்பி லால் பாஷா, கிருஷ்ணகிரியில் மண்டி வணிகர், அவரைச் சீண்டாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. "ஏன்க்கா, சீசன்ல நூறு பேரு சண்டைய நான் ஒருத்தன் தீத்து வெக்கறேன். உன்னால ரெண்டு வெளக்குக்குப் பஞ்சாயத்து பண்ண முடியலயா?"

"உன் நூறு பேருக்கும் வாய் இருக்குதுடா. இதுங்களுக்கு நான்தான் வாய்" என்பார் அம்மையார், எழுதுவதை நிறுத்தாமலே.

ஆண்டுதோறும் அதே மாசி மாதத்தில், அதே தேதியில், ஆலைத் தலைவரின் மேசைக்கு அம்மையாரிடமிருந்து ஒரே ஒரு வரிக் கடிதம் செல்லும்: விசாரணை அறிக்கையை மறுபடி பரிசீலிக்க வேண்டுகிறேன். விடை வந்ததில்லை. கடிதம் நின்றதில்லை.

ஏழு ஆண்டுகளுக்கு முன் பழைய கலத்தை அகற்றிவிட்டு, அதைப்போல் இருமடங்கு பெரிய கலத்தை நிறுவினார்கள். கலம் பெருத்தது, ஆட்டமும் பெருத்தது. விற்றவர்களின் பொறியாளர்கள் வந்தார்கள். குழாயை மாற்றினார்கள், கம்பியை மாற்றினார்கள், மூன்று வாரம் முயன்று விமானம் ஏறினார்கள். அவர்கள் போன மறுநாள் காலை, சோதனையறை வாசலில் மாடசாமியும் கங்கப்பனும் சேர்ந்து வந்து நின்றார்கள். அவ்விருவரும் சேர்ந்து வந்ததே ஓர் அதிசயம்.

"மேடம், அவனும் நானும் பேசிக்கிட்டோம். வேலைக்குச் சேந்து இத்தன வருசத்துல இதான் மொதத் தடவ. ஆலைத் தலைவர்கிட்டயும் கேட்டுட்டோம், இன்னிக்கு ஒரு நாளு உங்கள உள்ள விடுவாரு. வாங்க. நீங்க சொல்றபடி நிக்கறோம்" என்றார் கங்கப்பன்.

"நாப்பது நொடி தொடாம நிப்பீங்களா?"

"எங்கைய அவன் புடிச்சிக்கிடட்டும், அவங்கைய நான் புடிச்சிக்கிடுதேன். பொறவு யாரு தொடுவா?" என்றார் மாடசாமி.

நகைச்சுவைக்குச் சொன்னதன்று அது, அப்படியே செய்தார்கள். மேல்தளத்தில் ஆட்டம் தொடங்கியது. கங்கப்பன் ஒரு கோடு குறைத்தார். உடனே ஐம்பதைத் தாண்டிய இரு ஆண்கள், ஒருவர் கைகளை மற்றவர் இறுகப் பற்றிக்கொண்டு, கீழ்த்தளச் சாளரத்தின் முன் சிறுவர்கள்போல் நின்றார்கள். அம்மையார் நொடிகளை எண்ணினார். இருபதில் சுடர் நூலாய் இளைத்தது.

"ஏ, அணையப் போவுதுடே!" என்று மாடசாமி திமிறினார்.

"பேசாம நில்லு சாமி! கைய விட்டுடாத!"

இருபத்துநாலு. இருபத்தைந்து. முப்பது. முப்பத்தைந்தில் அந்நூல் சற்றே தடித்தது. நாற்பதில் சுடர் ஊதா நிறத்தில் நிமிர்ந்து நின்றது. மேல்தளமும் அடங்கி நின்றது. அம்மையார் எண்ணுவதை நிறுத்திய பின்னும் அவ்விருவரும் கையை விடச் சற்று நேரம் ஆயிற்று.

அன்றுமுதல் இவ்வேழு ஆண்டுகளில் நம் உலையில் ஒரு பொறியும் வெடிக்கவில்லை! எதிரெதிரே இருந்த மின்பலகைகள் இரண்டும் இன்று அருகருகே உள்ளன, பதிவேடு ஒன்றே, பூசணிக்காயும் ஒன்றே. உலையை இன்று கணினி இயக்குகிறது. அதற்குள் இருப்பவை அம்மையாரின் அதே இரு சமன்பாடுகள். எதையும் தொடாமல் நிற்கும் அந்நாற்பது நொடிக்கு, நேற்றுச் சேர்ந்தவர் முதல் நாளை ஓய்வு பெறுபவர்வரை அனைவரும் வழங்கும் பெயர் 'மேடம் டைம்'.

ஆயினும் அந்தத் தாள் கோப்பிலேயே இருந்தது. அது இருந்தமையால் உயர்வு அவரை அணுகவில்லை. உதவியாளராய் வந்தவர் உதவியாளராகவே இருந்தார். உலைதான் நன்றாக ஓடுகிறதே, பழையதை ஏன் கிளறுகிறீர்கள் என்று மேலதிகாரிகள் கனிவாகவே கேட்டார்கள். "உலை ஓடறதுக்காக நான் கேக்கல சார். அந்தத் தாளு பொய் சொல்லுது. அதுக்காகக் கேக்கறேன்" என்று அம்மையாரும் கனிவாகவே விடையளித்தார். குரலை உயர்த்தியவரும் அல்லர். கோரிக்கையைக் கைவிட்டவரும் அல்லர். சினம் கொண்டு பிரிந்து போகவும் இல்லை. சலிப்புற்றுச் சோர்ந்து போகவும் இல்லை. இத்தகைய உறுதியை நாங்கள் இரும்பில் ஏற்றத்தான் அறிவோம். மனிதரிடம் கண்டது அவரிடமே!

இவ்வாண்டு பன்னிரண்டாவது கடிதம் எழுதினார். அது சென்று சேர்ந்த மேசைக்குப் பின்னால், தை மாதத்தில் ஆலைத் தலைவராய்ப் பொறுப்பேற்றிருந்த பாஸ்கரன் அமர்ந்திருந்தார். அவர் அம்மையாரை அழைத்தார். அறையில் அவர்களிருவர் மட்டுமே இருந்தார்கள். அங்கே பேசியதை எங்களுக்குப் பின்னர்ச் சொன்னவரும் பாஸ்கரனே.

"யாரு தொட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"எந்த நொடி, எத்தன கோடு, அது வரைக்கும் கணக்கு சொல்லும் சார். யாருன்னு கணக்கு சொல்லாது. நானும் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவங்க சொல்லணும்."

கடிதத்தை மேசைமேல் நேராக நகர்த்தி வைத்துவிட்டு அம்மையார் வெளியே வந்துவிட்டார். அன்று நாற்பது நொடி பொறுக்க மாட்டாத கைக்குரியவர், பன்னிரண்டு ஆண்டுகள் பொறுத்துக் காத்த மௌனத்தை மறுநாள் காலை உடைத்தார். எங்கள் அனைவரையும் உலைக்கூடத்துக்கு அழைத்து, அன்று நடந்ததை நடந்தவாறே சொன்னார். இப்பாராட்டு மடலில் அதை எழுதுவது முறையாகுமா என்று நாங்கள் தயங்கினோம். "அத விட்டுட்டு எழுதினா அது பாராட்டு இல்ல, பூசி மெழுகறது. எழுதுங்க. எப்பவும் போல ஆலைத் தலைவர்தான் வாசிக்கணும், நான்தான் வாசிப்பேன்" என்றார். ஆகவே அவையீர், இவ்வளவு நேரமும் இம்மடலை உங்கள் முன் வாசித்துக்கொண்டிருப்பவர் அவரே.

இனி தங்களை நோக்கித் திரும்புகிறோம், அம்மையீர்! எங்கள் ஏளனத்தை எண்ணிக் கசந்திராத தங்கள் இன்முகத்துக்கு எங்கள் நன்றி. பிழையற்ற சக்கரங்களை வண்டியேற்றும் பெருமிதத்தை எங்களுக்குப் பெற்றுத்தந்த தங்கள் அறிவுக்கு எங்கள் நன்றி. உண்மையென்று கண்டதை ஓராண்டும் ஒத்திவைக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்று காட்டிய தங்கள் துணிவுக்கு எங்கள் தலைதாழ்ந்த நன்றி! கண்ணொளி குன்றாது, கால்வலி அண்டாது, கணக்கேடு ஒன்று எந்நேரமும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, தம்பி குடும்பத்தாரின் அன்பு சூழ, மாம்பூ பூக்கும் காலங்கள் பலப்பல கண்டு, இறையருளால் நூறாண்டும் நலமே நிறைந்து வாழ்க! மூன்று சுடர்கள் பிணைந்தால் என்னாகும் என்று எழுதத் தொடங்கியிருப்பதாய்ச் சொன்னீர்கள். அக்கணக்கு முற்றுப்பெறும் நாளில் எங்களுக்கும் ஒரு படி அனுப்பியருள்க!

தங்களோடு பணிபுரிந்தோம் என்பதையே பெருமையாய்க் கொண்ட
உலைக்கூடம், சோதனையறை, பராமரிப்பு, அலுவலகப் பணியாளர்கள் அனைவரும்
ஓசூர்

இதற்குக் கீழுள்ள வரிகள் எங்களுடையவை அல்ல. சட்டமிடுவதற்கு முன் சிறிது இடம் விடச்சொல்லிக் கேட்டு, பாஸ்கரன் தம் கைப்பட எழுதியவை.

அஸ்பியா மேடம்,

எனக்கு இவர்களைப் போல எழுத வராது. அன்றைக்குக் குமிழைக் கூட்டியது என் கை. பயந்துவிட்டேன். யாரும் தொடவில்லை என்று சொன்னது என் வாய். அதற்குப் பயம் காரணம் இல்லை. என் வேலை போகக்கூடாது என்று நினைத்தேன், உங்களுடையதைப் பற்றி நினைக்கவில்லை. அதன்பிறகு நீங்கள் எதிரில் வரும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனேன். நீங்கள் ஒரு நாளும் அப்படிப் போகவில்லை.

நடந்ததை எழுத்தில் மேலிடத்துக்குக் கொடுத்தேன். அறிக்கையை ரத்து செய்த உத்தரவு நேற்று வந்தது. உங்கள் நான்கு பக்கங்களைத் தேடி எடுத்துவிட்டோம். திங்கட்கிழமை முதல் உலையின் கையேட்டில் முதலில் இருப்பவை அவைதான், உங்கள் பெயரோடு. கோப்பிலிருந்து அந்தத் தாளை நேற்று மாலை நானே எடுத்தேன். கிழித்துப் போட மனம் வரவில்லை. கிழித்தால் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். நான் செய்ததை அதன் பின்புறத்தில் எழுதி, என் கோப்பைத் திறந்து அதில் சேர்த்துவிட்டேன். இனி அது என் பெயரில் இருக்கும்.

பாஸ்கரன்
அன்றைய இரண்டாம் ஷிப்ட் பொறுப்பாளர்